புகையா? பனியா?

(கழகத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



'ஆய்ந்து சிந்தித்தல்' என்னும் தலைப்பில் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். ஓய்வு பெற்ற தமிழாசிரியன் ஒருவனுக்கு இத்தகைய தலைப்பைக் கொடுத்தால், அவன் முதலில் செய்வது இலக்கணம் கூறுவதுதான். நானும் சில நாட்கள் இலக்கணம் தேடினேன். பின்னர், இதனை இலக்கணத்தால் விளக்குவதைவிட வழுவால் விளக்குவது எளிது என்று தோன்றியது. அவ்வழுவும் பிறருடையதாக இருப்பதைவிட என்னுடையதாக இருப்பதே முறை என்று துணிந்தேன். இந்த மேடையில் நான் செய்த தவறு ஒன்றினை இதே மேடையில் எடுத்துரைக்க வந்திருக்கிறேன்.

நம் ஐந்தாம் ஆண்டு விழாவில் நான் ஔவையாரைப் பற்றிப் பேசியது உங்களுள் பலருக்கு நினைவிருக்கலாம். அதியமானிடம் நெல்லிக்கனி பெற்ற ஔவையே ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் பாடியவர் என்றேன். இடையில் பல நூற்றாண்டுகள் கிடக்கின்றனவே என்று எவரேனும் ஐயுறுவர் என்று எண்ணி, விடையையும் நானே கூறினேன். அந்தக் கனி நெடுவாழ்வு தரும் கனி. ஆகவே ஔவை நெடுங்காலம் வாழ்ந்தார். தகடூரில் தொடங்கிய அவர் தமிழ் கம்பர் காலம் வரை நடந்து வந்தது என்றேன். அவை மகிழ்ந்தது. நானும் மகிழ்ந்தேன்.

பேச்சு முடிந்ததும், அப்போது கல்லூரியில் பயின்றுகொண்டிருந்த பெண் ஒருவர் பின்வரிசையிலிருந்து எழுந்தார். குரல் சற்று நடுங்கியது. "ஐயா, நெல்லிக்கனி அவ்வளவு காலம் வாழவைத்தது என்பதற்கு என்ன சான்று? இரண்டு ஔவையாரும் ஒருவரே என்பதுதானே? ஒருவரே என்பதற்கு என்ன சான்று? நெல்லிக்கனிதானே?" என்று கேட்டார்.

நண்பர்களே, அந்த நேரத்தில் எனக்கு விடை தெரியவில்லை. ஆனால் மேடைப் பழக்கம் மிகுந்தவனுக்கு விடை தெரியாவிட்டாலும் சொல் கிடைத்துவிடும். "அம்மா, நெல்லிக்கனியின் இனிப்பு தண்ணீர் குடித்த பிறகுதான் தெரியும். முதலில் தமிழைப் பருகிவிட்டு வாருங்கள், பிறகு இனிக்கும்" என்றேன். கைதட்டல் எழுந்தது. அவர் அமர்ந்துவிட்டார். அதற்குப் பின் இரண்டு கூட்டங்களுக்கு வந்தார், பிறகு வரவில்லை.

அன்று அவர் கேட்டது எத்தகைய வினா என்பதையும், நான் கூறியது எத்தகைய விடை என்பதையும் எனக்குத் தெளிவாக்கியது பிற நாட்டு நூல் ஒன்றன்று, நம் மணிமேகலைதான். நாம் மணிமேகலையை அமுதசுரபிக்காகப் படிக்கிறோம். ஆதிரைக்காகவும் காயசண்டிகைக்காகவும் படிக்கிறோம். அதன் முப்பது காதைகளுள் இருபத்தொன்பதாவதாகிய தவத்திறம் பூண்டு தருமம் கேட்ட காதையை, ஆசிரியராகிய நாங்களே, கடினம் என்று கூறித் தாண்டிச் சென்றுவிடுவதுண்டு. அங்கேதான் அறவண அடிகள் மணிமேகலைக்கு, ஒரு முடிவு எப்போது செல்லும், எப்போது செல்லாது என்னும் அளவை நெறியைக் கற்பிக்கிறார். நாட்ட விரும்பும் கருத்து பக்கம். அதற்குக் காட்டும் காரணம் ஏது. அதனை விளங்கவைக்கும் எடுத்துக்காட்டு திட்டாந்தம். மலையில் புகை எழுவதைக் கண்டு, அடுக்களையைப் போல அங்கும் நெருப்புண்டு என்று துணிவது இதற்குப் பழகிய சான்று. இம்மூன்றும் எவ்வெவ்வாறு போலியாகிவிடும் என்பதையும் அக்காதை வகுத்துக் கூறுகிறது. பக்கப்போலி ஒன்பது, ஏதுப்போலி அசித்தம், அநைகாந்திகம், விருத்தம் என மூன்றாய்ப் பிரிந்து மொத்தம் பதினான்கு, திட்டாந்தப்போலி பத்து. காப்பியம் ஒன்று தன் தலைவிக்குத் துறவு நெறியை அருளுமுன், பிழையான வாதங்களின் பட்டியலை இவ்வளவு விரிவாகக் கற்பிக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள்.

அப்போலிகளுள் ஒன்று என்னை நேரே சுட்டியது. தொலைவில் வெண்மையாக ஏதோ எழுகிறது. அது ஆவியா, பனியா என்னும் ஐயம் நீங்கவில்லை. நீங்காத ஐயத்தோடே அதனைப் புகை என்று கொண்டு, ஆகவே அங்கு நெருப்புண்டு என்று ஒருவன் துணிகிறான். அவனுடைய வாதத்தின் அமைப்பில் குறையில்லை; புகையுள்ள இடத்தில் நெருப்பிருக்கும் என்பது மெய்யே. ஆனால் அவன் கண்டது புகைதானா? அதனை அவன் முதலில் உறுதி செய்துகொள்ளவில்லை. காரணமே நிலைபெறாதபோது காரியம் எங்ஙனம் நிலைபெறும்? என் நெல்லிக்கனியும் அத்தகையதே. நெடுவாழ்வு என்னும் காரணம் நிலைபெறாத ஒன்று. அதை நிலைநாட்ட என் முடிவையே அதற்குச் சான்றாக வைத்தேன். ஒன்று மற்றொன்றைத் தாங்க, இரண்டையும் தாங்குவது எதுவுமில்லாமல் நின்றன. பின்வரிசைப் பெண் இரண்டே வரிகளில் காட்டியது அதைத்தான்.

இனி, ஆய்ந்து பார்த்தால் என்ன கிடைக்கிறது? சங்க நூல்களில் ஔவையார் பெயரால் ஐம்பத்தொன்பது பாடல்கள் உள்ளன. தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சி தமக்கு நெல்லிக்கனி ஈந்ததைப் புறநானூற்றில் தொண்ணூற்றொன்றாம் பாட்டு பாடுகிறது. சாவை விலக்கும் அருங்கனி என்ற எண்ணம் அப்பாட்டிலேயே இருக்கிறது. அதை நான் புனையவில்லை. ஆனால் அப்பாட்டு ஒரு புலவரின் நன்றி. தனக்கென வைத்துக்கொள்ளாமல், அதன் சிறப்பையும் சொல்லாமல் தந்த ஒரு வேந்தனின் உள்ளத்தை வியந்து நெகிழ்ந்த நன்றி. பாட்டு பொய் சொல்லவில்லை. பாட்டைப் பிறப்புப் பதிவேடாகப் படித்த நான்தான் பிழை செய்தேன்.

மறுபக்கத்திலிருந்தும் பார்ப்போம். புறநானூற்று ஔவை கள் பரிமாறும் அவையில் அதியமானோடு இருந்தவர். ஆத்திசூடி ஔவை பிள்ளைகளுக்கு நெறி கூறுபவர். ஆகவே இருவர் வேறு என்று சிலர் கூறுவர். இதனையும் நான் உடனே ஏற்கமாட்டேன். ஒருவரே இளமையில் ஒன்றும் முதுமையில் மற்றொன்றும் பாடலாகாதா? ஆகவே இது வலுவான சான்றன்று. விநாயகர் அகவலைப் பாருங்கள். அது பிள்ளையாரை வழிபடும் நூல். மூலாதாரம், குண்டலி என்னும் யோக நெறிச் சொற்கள் அதில் வருகின்றன. சங்கப் பாடல்களில் பிள்ளையார் வழிபாடு காணப்படவில்லை. ஆத்திசூடி முதலியவற்றின் மொழிநடையும் சங்க நடையினின்று வெகுவாக விலகிப் பிற்கால நடையாக இருக்கிறது. இவை ஒன்றையொன்று சாராத சான்றுகள்; தனித்தனியே நின்று ஒரே திசையைக் காட்டுகின்றன. ஔவையார் என்னும் பெயருடையோர் ஒருவருக்கு மேற்பட்டவர் என்று ஆய்வாளர் பெரும்பாலோர் கொள்வது இவைபோன்ற காரணங்களால்தான். சான்றுகள் எத்தனை என்று எண்ணினால் மட்டும் போதாது. ஒவ்வொன்றும் தன் காலில் நிற்கிறதா என்று பார்க்கவேண்டும். ஆய்ந்து சிந்தித்தலின் பாதி இதுவே.

மற்றப் பாதி அறிவைச் சார்ந்ததன்று, மனத்தைச் சார்ந்தது. என் தவற்றின் மோசமான பகுதியை இனித்தான் சொல்லப்போகிறேன்.

ஐந்தாம் ஆண்டு மலருக்காக அந்த உரையை எழுதித் தரும்படி கேட்டார்கள். எழுதும்போது அந்தப் பெண்ணின் வினா நினைவுக்கு வந்தது. நூல்களைப் புரட்டினேன். நெடுவாழ்வுக்குக் கதைகளைத் தவிர வேறு சான்று எனக்குக் கிட்டவில்லை. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. எனினும் அந்தப் பகுதியை நான் நீக்கவில்லை. கைதட்டல் கிடைத்த பகுதி அது. அச்சாயிற்று. பின் ஒரு பள்ளியில் பேச்சுப் போட்டிக்கு நடுவராகச் சென்றேன். சிறுவன் ஒருவன் ஔவையாரைப் பற்றிப் பேசினான். நெல்லிக்கனி, நெடுவாழ்வு, கம்பர் காலம் எல்லாம் என் சொற்களாகவே வந்தன. 'அறிஞர்கள் நிறுவியுள்ளனர்' என்று ஒரு தொடரை மட்டும் அவன் சேர்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய ஆசிரியர் நம் மலரைக் கொடுத்துப் படிக்கச் சொன்னாராம். அவனுக்கு முதற்பரிசு கிடைத்தது. நானும் மதிப்பெண் இட்டேன். என் பனி இன்னொருவர் வீட்டில் புகையாகிவிட்டதை அன்று கண்டேன். அப்போதும் எழுந்து திருத்தவில்லை.

ஆய்ந்து சிந்திக்க இயலாதவர்கள் அறிவிலிகள் என்று நாம் எண்ணுகிறோம். என் அனுபவம் வேறு. எனக்குத் தெரிந்திருந்தது, தெரிந்தும் விடமுடியவில்லை. ஒரு கருத்தை நெடுநாள் சொல்லிவந்தால் அது நம் சொத்தாகிவிடுகிறது. அதை எவரேனும் தொட்டால் நம் மேனியைத் தொட்டதுபோல் சுடுகிறது. வெளியார் கருத்தை ஆராயும்போது நமக்கு ஆயிரம் கண். நம் கருத்தை ஆராயும்போது ஒரு கண்ணும் இல்லை.

இதற்கு நேர்மாறான ஒரு வாழ்வை நாம் அறிவோம். 1880ஆம் ஆண்டு, கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்திருந்த உ. வே. சாமிநாதையருக்கு வயது இருபத்தைந்து. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்றவர். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என எண்ணற்றவை கற்றவர். அவ்வூருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் சென்றபோது, என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்னும் வினாவுக்குத் தம் பட்டியலை அடுக்கினார். முதலியார் வியக்கவில்லை. சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை படித்ததுண்டா என்று கேட்டார். இல்லை. அந்த இளைஞருக்கு அன்று இரண்டு வழிகள் இருந்தன. என்னைப் போல் ஒரு சாதுரியமான சொல்லைச் சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கலாம். அவரோ தமக்குத் தெரியாதது உண்டு என்பதை ஏற்றுக்கொண்டார். தமிழின் நல்வினை அது.

அதன்பின் அவர் செய்தவையே ஆய்வுச் சிந்தனையின் செய்முறை. சிந்தாமணி ஏட்டையும் நச்சினார்க்கினியர் உரையையும் வைத்துப் படித்தார், விளங்கவில்லை. விளங்காததை விளங்கியதாகக் கொள்ளவில்லை. அது சமண நூல். சமணரைக் கேட்கவேண்டும் என்று உணர்ந்தார். சைவ மடத்தின் நிழலில் கற்ற அவர், கும்பகோணத்துச் சமணர் இல்லம் தேடிச் சென்றார். அங்கே அந்நூலை அவர்கள் சமய நூலாகப் போற்றிப் படித்து வருவதைக் கண்டார். தாம் கல்லூரி ஆசிரியர், அவர்கள் இல்லறத்தார் என்று எண்ணவில்லை. ஐயங்களைக் கேட்டுத் தெளிந்தார். ஒரே ஏட்டை நம்பாமல் பல ஊர்களிலிருந்து ஏடுகளைத் திரட்டி ஒப்பிட்டார். எழுதுவோர் கைப்பிழை எது, நூலாசிரியர் சொல் எது என்று பிரித்தறிந்தார். பாட வேறுபாடுகளை மறைக்காமல் காட்டினார். 1887இல் சீவக சிந்தாமணி வெளிவந்தது. 1894இல் புறநானூறும் 1898இல் மணிமேகலையும் வந்தன. மணிமேகலைக்காகப் பௌத்தம் அறிந்த பேராசிரியர் மளூர் ரங்காசாரியரிடம் கேட்டுக் கற்றார். நான் தவறாகப் பயன்படுத்திய அந்த நெல்லிக்கனிப் பாட்டையும், என் தவற்றைக் காட்டிய அந்த இருபத்தொன்பதாம் காதையையும் நாம் இன்று அச்சில் படிப்பது அவர் பிறரிடம் கேட்கக் கூசாததால்தான்.

'சிந்தனை' என்றால் தனியே அமர்ந்து நெற்றியைச் சுருக்குவது என்று ஒரு படம் நம் மனத்தில் இருக்கிறது. ஐயர் வாழ்வு காட்டுவது வேறு. ஆய்ந்து சிந்தித்தல் பெரும்பாலும் பிறரோடு சேர்ந்து செய்யும் வேலை. நம் கண்ணுக்குத் தெரியாத பிழை பிறர் கண்ணுக்குத் தெரியும். ஆகவே அந்தப் பிறரை நாம் அமரச் செய்துவிட்டால், நம் கண்ணையே குத்திக்கொண்டவராவோம்.

இங்கே கவிஞர்கள் மிகுதி. இத்தனை ஆராய்ந்தால் கவிதை எழுமா என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். நான் கேட்கிறேன்: ஒரு வரியில் எழுதிய சொல்லை அடித்துவிட்டு வேறொரு சொல்லைப் போடுகிறீர்களே, ஏன்? முதற்சொல் ஓசையால் வந்தது, பொருளால் வரவில்லை என்று கண்டதனால் அல்லவா? உணர்ச்சி மெய்யானதா, வழக்கமான உவமையின் வாடகை உணர்ச்சியா என்று நள்ளிரவில் உங்களை நீங்களே வினவுகிறீர்கள் அல்லவா? அதுதான் இது. நம் கழகத்தில் அந்த வினா கவிஞரின் வீட்டோடு நின்றுவிடுகிறது. மாதக் கூட்டத்துக்கு வருவதில்லை. பத்து ஆண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட கூட்டங்கள் நடத்தியிருக்கிறோம். படிக்கப்பட்ட கவிதைகளுள் எதை 'இது நன்றாக அமையவில்லை' என்று காரணத்தோடு கூறினோம்? கூறியதாக எனக்கு நினைவில்லை. நக்கீரரைப் புகழ்ந்து இந்த மேடையில் எத்தனை பேர் பேசியிருக்கிறோம்! ஆனால் பக்கத்து நாற்காலியில் இருப்பவர் கவிதையைப் பற்றிக் கேட்டால் 'அருமை' என்று கூறி எழுந்துவிடுகிறோம். அது அன்பன்று, அக்கறையின்மை.

மறுப்பதற்கும் நம் மரபில் முறை உண்டு. பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் நூலாசிரியர் கொள்ளும் மதம் ஏழு என்று வகுத்தார். பிறர் கருத்துக்கு உடன்படுதல் முதலாவது, மறுத்தல் அடுத்தது. பிறர் கருத்தை முதலில் ஏற்றுக்கொண்டு பின்னர்க் களைதல், தானே ஒன்றை நாட்டி அதனை நிலைநிறுத்தல், இருவர் மாறுபட்டுக் கொண்டவற்றுள் ஒன்றைத் துணிதல், பிறர் நூலின் குற்றத்தைக் காட்டுதல், பிறர் வழிப்படாமல் தன் கருத்தையே கொள்ளுதல் என்பன பிற. உடன்பாடும் மறுப்பும் ஒரே பட்டியலில் அருகருகே அமர்ந்திருப்பதைக் கவனியுங்கள். மறுப்பவன் பகைவன் அல்லன். நூல் செய்யும் நெறியில் அவனுக்கும் ஓர் இருக்கை இருக்கிறது. இவற்றுள் எனக்கு மிகவும் உகந்தது மூன்றாவது. பிறர் கருத்தை முதலில் தன்னுடையதாக ஏந்திப் பார்த்தவனுக்கே அதனைக் களையும் உரிமை உண்டு. மணிமேகலையும் அவ்வாறே வஞ்சி மாநகரில் பல சமயக் கணக்கரின் திறங்களையும் கேட்டபின்புதான் காஞ்சியில் அறவணர் அடியை அடைகிறாள்.

ஆகவே பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் நம் கழகத்துக்குச் சில வேண்டுகோள்கள். மேடையில் ஒரு செய்தியைச் சொல்பவர் அதனை எங்கே கண்டார் என்பதையும் சொல்லட்டும். கண்ட இடம் நினைவில்லையெனில், கேள்விப்பட்டது என்று சொல்லட்டும். மாதம் ஒரு கவிதையையேனும் எழுதியவர் பெயரை மறைத்துப் படித்து, அதன் நிறைகுறைகளைக் காரணத்தோடு பேசுவோம். மறுக்க எழுபவர், தாம் மறுக்கும் கருத்தை அக்கருத்துடையவரே 'ஆம், இதுவே நான் கூறியது' என்று ஒப்பும்படி முதலில் எடுத்துரைக்கட்டும். உரைக்குப் பின் வினாவுக்கென நேரம் ஒதுக்குவோம். முதல் வினா பின்வரிசைக்கு உரியதாகட்டும். தவறு எந்த மேடையில் நிகழ்ந்ததோ, திருத்தமும் அதே மேடையில் நிகழட்டும்.

இறுதி வேண்டுகோளை நானே முதலில் நிறைவேற்றுகிறேன். நம் ஐந்தாம் ஆண்டு மலரில் ஔவையாரைப் பற்றி நான் எழுதிய கட்டுரையில், சங்க ஔவையும் ஆத்திசூடி ஔவையும் ஒருவரே என்றும் நெல்லிக்கனியால் அவர் நெடுங்காலம் வாழ்ந்தார் என்றும் கூறியது சான்றற்றது. அதனை எவரும் மேற்கோளாகக் கொள்ள வேண்டா. இந்தத் திருத்தம் பத்தாம் ஆண்டு மலரில் அச்சேற வேண்டும் என்பதற்காகவே இவ்வுரையை எழுதிப் படித்தேன்.

அந்தப் பெண் இன்று இந்த அவையில் இல்லை. அவருடைய முகவரியைச் செயலாளர் தேடித் தருவதாகக் கூறியிருக்கிறார். மலர் வெளிவந்ததும் ஒரு படியை அவருக்கு அனுப்பவிருக்கிறேன். மூத்தோர் சொல்லை நெல்லிக்கனிக்கு உவமிப்பது நம் வழக்கு; முதலில் துவர்த்துப் பின் இனிக்கும் என்பார்கள். இளையோர் வினாவும் அத்தகையதே என்று அறிய எனக்கு ஐந்து ஆண்டுகள் ஆயின. தமிழைப் பருகிவிட்டு வரும்படி அவரிடம் சொன்னேன். பருகவேண்டியவன் நான்தான்.

இவ்வுரையிலும் பிழை இருக்கக்கூடும். கண்டவர்கள் எழுதுங்கள். அதற்காகப் பதினோராம் ஆண்டு மலரில் ஒரு பக்கம் ஒதுக்கிவைக்குமாறு செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.